மறுவாழ்வு மையச் சான்றிதழ் கொடுத்தால் கேஸ் போய்விடுமா?

கேள்வி: கணவர் மேலூர் பக்கம் வாடகை வேன் ஓட்டுகிறார். குடித்துவிட்டு ஓட்டியதாக ஒத்தக்கடையில் பிடித்தார்கள். ஊதியதில் 142 காட்டியது. எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசி, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். போன வருடமும் பிடிபட்டு கோர்ட்டில் அபராதம் கட்டினார். மறுவாழ்வு மையத்தில் சேர்த்து சான்றிதழ் கொடுத்தால் கேஸ் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: போகாது. போலீஸ் பேசிய பேச்சு இந்த வழக்கில் எடுபடாது. வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். 142-ஐ வைத்துக்கொண்டு மெஷின் சரியில்லை என்று வாதாடினாலும் எடுபடுவது கடினம்.

குற்றப்பத்திரிகையில் போன வருடத் தண்டனையைக் காட்டியிருக்கிறார்களா? அதை மட்டும் பாருங்கள். அபராதம் கட்டியது கேஸ் முடிந்ததல்ல, தண்டனை பெற்றது. காட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ன்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். காட்டாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

சிகிச்சை உதவுவது தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போதுதான். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில், மது தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு நன்னடத்தை உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் விடுவிக்கலாம். இரண்டாவது தடவைக்காரருக்கு அது லேசில் கிடைக்காது. கிடைத்து, அவர் மறுபடி குடித்தால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம்.

வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது சான்றிதழின் வாசகத்தில். இரக்கம் வரட்டும் என்று ‘பத்து வருடமாகக் குடிக்கு அடிமை’ என எழுதி வாங்கி வருகிறார்கள். லைசென்ஸை ஏன் பறிக்கக்கூடாது என்று கேட்டு வரும் ஆர்.டி.ஓ. நோட்டீஸின் பதிலிலும் அதே தாளை இணைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆவது பிரிவில் லைசென்ஸைப் பறிக்க வழக்கமான குடிகாரர் என்பதே போதுமான காரணம். அதை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்தது, இப்போது குடிப்பதில்லை, ஓட்டும் தகுதி இருக்கிறது என்று டாக்டர் சொல்லும் நிலை வந்த பிறகு அதைக் கொடுங்கள். அந்த நிலை வரவில்லையென்றால் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம்.

சிகிச்சைக்குச் சேராமலே காசுக்குச் சான்றிதழ் வாங்கினால், பொய்ச் சான்றிதழ் என்று அது தனிக் கேஸாகிவிடும். மனநலச் சட்டப்படி பதிவு இல்லாத மையத்தின் தாளை நான் தாக்கல் செய்வதில்லை. மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். சீட்டு, தேதி எல்லாம் பதிவில் இருக்கும்.

வழக்கை இழுக்காதீர்கள். முந்தைய தண்டனை குற்றப்பத்திரிகையில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டுங்கள். இருந்தால், சிகிச்சைச் சீட்டு கைக்கு வந்தபிறகு வக்கீலோடு போய் ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்பு கேளுங்கள். லைசென்ஸ் முடங்கும் மாதங்களுக்கு வேறு வேலை பாருங்கள். புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் அது திரும்ப வரும்; இரண்டாவது தடவை என்பதால் அடியோடு ரத்தும் ஆகலாம். ஆர்.டி.ஓ. உத்தரவை எதிர்க்க வேண்டுமானால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும்.