ஷாம்பெயினா, க்ரெமானா? கேக்குடன் பரிமாற எது பொருந்தும்?

பாரிஸ் புறநகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகனின் திருமண விருந்துக்கு அறுபது பேர் வருகிறார்கள்; சம்பந்தி வீட்டார் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால், வரவேற்பின்போதும் கேக் வெட்டும்போதும் நுரைக்கும் ஒயின் பரிமாற வேண்டும். கடையில் ‘ஷாம்பெயின் ப்ரூட்’, ‘ஷாம்பெயின் தெமி-செக்’, ‘க்ரெமான் த லுவார் ப்ரூட்’ என்று மூன்று வகைகளைக் காட்டினார்களாம். க்ரெமானின் விலை மற்ற இரண்டிலும் பாதிகூட இல்லை. க்ரெமான் போலிச் சரக்கா, கேக்குடன் எது சேரும், எத்தனை பாட்டில் வாங்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

க்ரெமான் போலி அன்று; ஷாம்பெயின் செய்யும் முறையிலேயே பிரான்சின் வேறு வட்டாரங்களில் செய்யும் ஒயின். வரவேற்புக்கு அதையே தாராளமாக வாங்கலாம். கேக்குக்கு மட்டும் இனிப்பு மிகுந்த தெமி-செக் வேண்டும். இனிப்பான கேக்கைத் தின்றுவிட்டு இனிப்புக் குறைந்த ப்ரூட்டைக் குடித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது புளித்துத்தான் தெரியும். இதற்கான காரணங்கள் ஒயின் தயாராகும் விதத்திலேயே இருக்கின்றன.

பாரிஸுக்குக் கிழக்கே ரேம்ஸ், எப்பெர்னே நகரங்களைச் சுற்றியும், தெற்கே ஓப் மாவட்டத்திலும் பரந்திருக்கும் ஷாம்பாஞ் வட்டாரத்தில், அங்கேயே விளைந்த திராட்சையிலிருந்து அங்குள்ள விதிகளின்படி செய்த ஒயினுக்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர் உரியது. குளிர் மிகுந்த பகுதி என்பதால் பழம் பழுத்தாலும் அதில் புளிப்பு குறைவதில்லை, நுரைக்கும் ஒயினுக்கு வேண்டியதும் அந்தப் புளிப்புதான். பயிராவதில் பெரும்பகுதி மூன்றே வகைகள்: பினோ நுவார், மெனியே என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகள், ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை. பொதுவாகச் சொன்னால், பினோ நுவார் ஒயினுக்கு நாவில் உணரும் கனத்தையும், மெனியே இளமையிலேயே வெளிப்படும் பழச்சுவையையும், ஷார்டனே நேர்த்தியான புளிப்பையும் தருகின்றன. ஷார்டனேயால் மட்டும் செய்தது ‘ப்ளாங் த ப்ளாங்’. கறுப்புத் திராட்சைகளால் மட்டும் செய்தது ‘ப்ளாங் த நுவார்’. கறுப்புத் திராட்சையிலிருந்து வெளிர்நிற ஒயின் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. பழம் நசுங்காமல் கையால் அறுத்து, முழுக் கொத்தாக மெதுவாகப் பிழிந்தால் தெளிந்த சாறே கிடைக்கும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. அதிலும் முதலில் வடியும் 2,050 லிட்டரே உயர்ந்ததாகக் கருதப்படும் ‘க்யூவே’.

சாறு முதலில் சாதாரண ஒயினாக நொதிக்கிறது. அந்த நிலையில் அதைச் சுவைத்தால் பலருக்கும் முகம் சுளிக்கும், அவ்வளவு புளிப்பு. பிறகு பல கிராமங்களின் ஒயின்களையும், முந்தைய ஆண்டுகளிலிருந்து எடுத்துவைத்த இருப்பு ஒயினையும் கலக்கிறார்கள்; ஆண்டுக்கு ஆண்டு வானிலை மாறினாலும் ஒரு நிறுவனத்தின் ஷாம்பெயின் ஏறக்குறைய ஒரே சுவையில் இருப்பது இந்தக் கலவையால்தான். பெனடிக்ட் துறவி தொம் பெரிஞோன் ஷாம்பெயினில் குமிழியைக் கண்டுபிடித்தார் என்ற கதையை விற்பனையாளர்கள் இன்றும் விடுவதில்லை. அவர் காலத்தில் குமிழி ஒரு குறையாகவே எண்ணப்பட்டது; அவருக்கு உரிய பெருமை பழங்களைத் தேர்ந்து கலப்பதில் காட்டிய கவனத்துக்கே உரியது.

கலந்த ஒயினோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, கனத்த பாட்டிலில் நிரப்பி, சோடா பாட்டிலுக்குப் போடுவது போன்ற தகர மூடியால் அடைத்து நிலவறையில் கிடத்துகிறார்கள். உள்ளே இரண்டாம் முறை நொதிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்து, அழுத்தம் 6 பார் அளவுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்குக்கு, உயர்கிறது. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் இறந்து அடியில் கசடாகத் தங்குகிறது. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது: அந்தக் கசடு மாதக்கணக்கில் மெல்லச் சிதைந்து, சுட்ட ரொட்டியையும் வறுத்த பருப்பையும் நினைவூட்டும் மணத்தையும், நாவில் உறுத்தாத மென்மையையும் ஒயினுக்குக் கொடுக்கிறது. லேபிளில் அறுவடை ஆண்டு குறிக்காத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் கசடோடு; ஆண்டு குறித்த ‘மில்லெசிமே’ வகைக்கு 3 ஆண்டுகள். விலையில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கானது என்பதை மறக்க வேண்டாம்.

காலம் முடிந்ததும் கசடை வெளியேற்ற வேண்டும். பாட்டிலை மெல்ல மெல்லத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பினால் கசடு கழுத்துக்கு இறங்கும். கையால் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும் இந்த ‘ரெமுவாஜ்’ வேலையை இப்போது பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன. சுவையில் இதனால் வேறுபாடு வருவதாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு கழுத்துப் பகுதியை மட்டும் மைனஸ் 27 டிகிரி அளவிலான உறைகுளிர்க் கரைசலில் முக்குகிறார்கள். கசடு ஒரு பனிக்கட்டித் துண்டாக இறுகிவிடுகிறது; தகர மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தமே அந்தத் துண்டை வெளியே எறிந்துவிடுகிறது. இதற்கு ‘தெகோர்ஜ்மான்’ என்று பெயர். அப்போது குறைந்துபோன அளவை நிரப்ப, ஒயினில் கரைத்த சர்க்கரையைச் சிறிது ஊற்றி, தக்கை அடித்து, கம்பி கட்டுகிறார்கள்.

‘தொசாஜ்’ எனப்படும் இந்தக் கடைசிச் சர்க்கரையின் அளவைத்தான் ப்ரூட், தெமி-செக் என்ற சொற்கள் குறிக்கின்றன, தரத்தை அல்ல. சர்க்கரையே சேர்க்காமல், லிட்டருக்கு 3 கிராமுக்குள் இருப்பது ‘ப்ரூட் நாத்யூர்’. 6 கிராம் வரை ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’. 12 கிராமுக்குள் ‘ப்ரூட்’. 12 முதல் 17 வரை ‘எக்ஸ்ட்ரா ட்ரை’. 17 முதல் 32 வரை ‘செக்’. 32 முதல் 50 வரை ‘தெமி-செக்’. அதற்கு மேல் ‘தூ’. எக்ஸ்ட்ரா ட்ரை என்ற பெயரைப் பார்த்து அது ப்ரூட்டைவிட இனிப்புக் குறைந்தது என்று எண்ணி வாங்கி ஏமாறுபவர்கள் ஏராளம். விருந்தில் நீரிழிவுக்காரர்கள் இருப்பார்கள் என்பதால் இன்னொரு கணக்கும் சொல்கிறேன்: 125 மில்லி கோப்பை ஒன்றில் ப்ரூட் என்றால் சர்க்கரை ஒன்றரை கிராமுக்குள்தான் இருக்கும், தெமி-செக் என்றால் 4 முதல் 6 கிராம் வரை போகும்.

இனி க்ரெமான். லுவார், அல்சாஸ், பூர்கோஞ், லிமூ, போர்தோ, ழுரா, தீ, சவுவா ஆகிய பிரெஞ்சு வட்டாரங்களில் இதே முறையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யும் ஒயின் அது. கையால் அறுக்க வேண்டும், முழுக் கொத்தாகப் பிழிய வேண்டும், 100 லிட்டர் சாறுக்கு 150 கிலோ பழம் வேண்டும் என்று அதற்கும் விதிகள் உண்டு. கசடோடு இருக்க வேண்டிய காலம் மட்டும் குறைவு, 9 மாதம். நிலத்தின் விலையும் பழத்தின் விலையும் ஷாம்பாஞைவிட வெகு குறைவு. கூடவே, ஷாம்பெயின் என்ற பெயருக்காகக் கொடுக்கும் பணமும் இதில் இல்லை. நீங்கள் பார்த்த லுவார் க்ரெமானில் பெரும்பாலும் ஷெனாங் ப்ளாங் திராட்சை முதன்மையாக இருக்கும், ஆப்பிளையும் தேனையும் நினைவூட்டும் சுவை. ஷாம்பெயினுக்கு நெருங்கிய சுவை வேண்டுமென்றால் பினோ நுவாரும் ஷார்டனேயும் சேர்ந்த பூர்கோஞ் க்ரெமானைக் கேளுங்கள். லேபிளில் ‘மெத்தோத் த்ரதிசியோனெல்’ என்ற சொற்களும் இருக்கலாம். ஷாம்பாஞுக்கு வெளியே ‘மெத்தோத் ஷாம்பெனுவாஸ்’ என்று எழுத ஐரோப்பிய விதிகள் அனுமதிப்பதில்லை.

ஷாம்பெயின் லேபிளின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். என்.எம். என்றால் வெளியிலிருந்து பழம் வாங்கியும் தயாரிக்கும் நிறுவனம், ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்யும் விவசாயி, சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம். எம்.ஏ. என்றிருந்தால் வேறு யாரோ தயாரித்ததற்கு ஒரு கடையோ நிறுவனமோ தன் பெயரை ஒட்டியிருக்கிறது என்று பொருள். உங்கள் செலவுக்குள் தெமி-செக் தேடும்போது ஆர்.எம். பாட்டில்களையும் பாருங்கள், பெரிய பெயர்களைவிட மலிவாகவும் நன்றாகவும் பல கிடைக்கின்றன.

கணக்கு இதுதான். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லியாக ஊற்றினால் 6 கோப்பை. வரவேற்பில் அறுபது பேருக்கு ஒரு சுற்றுக்கு 10 பாட்டில், இரண்டாம் முறை கேட்பவர்களுக்காக இன்னும் 5. ஆக 15 பாட்டில் க்ரெமான். கேக் நேரத்தில் ஆளுக்கு 100 மில்லி போதும் என்பதால் 8 பாட்டில் தெமி-செக் போதும். நம் பக்கத்து உறவினர்களில் குடிக்காதவர்களைக் கழித்துவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாதி ஐஸும் பாதி தண்ணீரும் உள்ள வாளியில் அரை மணி நேரம் வைத்தால் 8 முதல் 10 டிகிரிக்கு வந்துவிடும். திறக்கும்போது கம்பியைத் தளர்த்தியது முதல் தக்கையின் மேல் வைத்த கட்டைவிரலை எடுக்காதீர்கள். தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பினால் அது மெதுவாக வெளிவரும். யார் முகத்தையும் நோக்கிப் பாட்டிலைப் பிடிக்கக் கூடாது, குறிப்பாகப் பையன்கள் வேடிக்கைக்காகத் தக்கையைப் பறக்கவிட இடம் தராதீர்கள்; கண் பார்வையே போகக்கூடிய அளவுக்கு அதில் வேகம் உண்டு.