கிணற்றில் வந்த வெள்ளை மண்

கேள்வி: ஏற்காடு மலையடிவாரத்தில் எங்களுக்குப் பட்டா நிலம் இருக்கிறது. கிணற்றை ஆழப்படுத்தும்போது வெள்ளை வெளேரென்று மண் வந்தது. புரோக்கர் ஒருவர் ‘இது சைனா க்ளே, பீங்கான் கம்பெனிக்குப் போகும்’ என்று சொல்லி அட்வான்ஸ் நீட்டுகிறார். வாங்கலாமா?
— வாசகர், வாழப்பாடி வட்டம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள் ஐயா. பீங்கான் ஆலை ஆய்வுக்கூடத்தில் மண் சோதித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வெள்ளை நிறத்தை மட்டும் பார்த்து எந்த ஆலையும் மண் வாங்காது.

நம் சேலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வெள்ளையாகக் கிடைப்பதில் பெரும்பகுதி மேக்னசைட், நாம் வெள்ளைக்கல் என்பதுதான். அதனால் முதலில் ஒரு கட்டியை நன்றாக வெயிலில் காயவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சீனக்களிமண் என்றால் சிறு குமிழிகள் விட்டுச் செதில் செதிலாகச் சரிந்து அடியில் சேறாகும். வெள்ளைக்கல் அப்படியே கல்லாகக் கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் 1000 டிகிரியில் சுட்டால் சந்தேகமே இருக்காது. சுத்தமான சீனக்களிமண் எடையில் 14 சதவீதம் குறையும், மேக்னசைட் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

களிமண்தான் என்று தெரிந்துவிட்டால், அடுத்தது கழுவிப் பார்ப்பது. பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மக்கித்தான் இந்த மண் உண்டாகிறது. கூடவே இருந்த குவார்ட்ஸ் மக்காமல் மணலாக நிற்கும். ஒரு கிலோ மண்ணை இரவு முழுக்க ஊறவைத்து, கரைத்து, 45 மைக்ரான் சல்லடையில் ஊற்றுவோம். சல்லடையில் தங்குவதை விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல், நடுவே மின்னும் அபிரகத் தகடுகள். கீழே பாலாக இறங்கியதைக் காயவைத்து எடை போட்டால்தான் உங்கள் மண்ணில் எத்தனை பங்கு உண்மையான களி என்று தெரியும். முந்நூறு கிராம்தான் தேறுகிறது என்று வையுங்கள். ஒரு ஏக்கர் பரப்பில் 3 மீட்டர் கனத்துக்கு மண் இருந்தால் சுமார் 12,000 கன மீட்டர், கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 18,000 டன். அதில் விற்பனைக்கு நிற்பது 5,400 டன் மட்டுமே. மேல்மண்ணை நீக்கும் செலவும் கழுவும் தண்ணீரும் தனி. புரோக்கர் அந்த 18,000 டன் கணக்கைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

பிறகுதான் யாருக்கு விற்பது என்ற பேச்சு. பீங்கானுக்கு என்றால், வில்லையாகத் தட்டி 1250 டிகிரிவரை சுட்டுப் பார்ப்பார்கள். சுடுவதற்கு முன் வெள்ளையாக இருந்தது சூளையிலிருந்து பிஸ்கட் நிறத்தில் வெளியே வந்தால் இரும்பும் டைட்டானியமும் இருக்கிறது என்று அர்த்தம். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையிலேயே இரும்பு உண்டு என்பதால் நம் பக்கத்து மண்ணில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காகிதப் பூச்சுக்கு என்றால் 80 சதவீதத் துகள்களாவது 2 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், வெண்மையும் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். ரப்பர்காரர்கள் செம்பையும் மாங்கனீஸையும் பார்ப்பார்கள், இரண்டும் ரப்பரைக் கெடுப்பவை.

கிணற்றுச் சுவரில் ஒரே இடத்தில் சுரண்டிய மண்ணை அனுப்பாதீர்கள். மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டில் செதுக்கி, நிறம் மாறும் இடங்களில் தனித்தனிப் பையில் கட்டி, ஆழத்தை எழுதுங்கள். நிலத்தின் நாலு பக்கமும் குழி போட்டு அதே போல எடுக்க வேண்டும். கிணற்றில் தெரிவது ஒரு பெக்மடைட் நரம்பு (பாறைக்குள் பட்டையாக ஓடும், ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த வேறு பாறை) மட்டும்தான் என்றால் பத்தடி தள்ளி வெறும் செம்மண் இருக்கும்.

இன்னொன்று: சைனா க்ளே 2015 முதல் சிறுகனிமப் பட்டியலில் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலம்தான் என்றாலும், அனுமதி இல்லாமல் ஒரு லாரி மண் வெளியே போனால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். மாவட்டக் கனிம வளத்துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் பாக்சைட் வெட்டிய குழிகளில் இளஞ்சிவப்புக் களிமண் தெரிகிறது. அது எதற்காவது உதவுமா?
— கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: நல்ல கண் உங்களுக்கு. பாக்சைட்டுக்கு அடியில், பாறைக்கு மேலே, இப்படி ஒரு களிமண் அடுக்கு இருப்பது வழக்கம். இரும்பு ஏறியதால் பீங்கானுக்கும் காகிதத்துக்கும் ஆகாது. ஆனால் 700 முதல் 850 டிகிரியில் சுட்டு அரைத்து, சுண்ணாம்புக்கல்லோடு சிமென்ட்டில் கலக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. அதற்கு நிறம் பெரிய தடையில்லை, மண்ணில் 40 சதவீதமாவது கயோலினைட் (சீனக்களிமண்ணின் முக்கியக் கனிமம்) இருந்தால் போதும். உங்கள் கல்லூரியில் எக்ஸ்-ரே செலுத்திக் கனிமங்களை அடையாளம் காணும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் வசதி இருந்தால் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துப் பாருங்கள், கயோலினைட் இருக்கிறதா, பாக்சைட்டில் உள்ள கிப்சைட் என்ற கனிமமா என்று அதில் வரும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.