மலைக் குளிரும் மாவுச் சட்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரையிலிருந்து மாற்றலாகி ஜூன் மாதம் ஊட்டிக்கு வந்தோம். ஃபிங்கர்போஸ்ட் பக்கம் வாடகை வீடு. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. இட்லி மாவு பொங்குவதே இல்லை. பருப்பு வேக மாட்டேன் என்கிறது. துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. ராத்திரி அறைக்குள் கரிச்சட்டி வைத்தால் துணியும் காயும், குளிரும் போகும் என்கிறார்கள். வைக்கலாமா?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். காந்தலில் எங்கள் வீடு. ஒரு ஜனவரி இரவு அப்பா கரிச்சட்டியைக் கட்டிலருகே வைத்து, ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்துவிட்டுப் படுத்தார். நடுராத்திரி தம்பி வாந்தியெடுத்தான். சத்தம் கேட்டு எழுந்த அம்மாவால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். தம்பி அன்று எழுப்பியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிக் கங்கு சிவந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். 'புகை போயிடுச்சு, உள்ளே எடுத்து வை' என்று சொல்வதில்தான் ஆபத்தே இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கங்கு வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

சரி, துணிக்கு வருவோம். உறைபனி விழும் இரவில் வானத்தில் மேகம் இருக்காது. அதனால்தான் தரையின் சூடெல்லாம் மேலே போய்ப் பனி உறைகிறது. மறுநாள் பகலிலும் பெரும்பாலும் வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் புல் வெள்ளையாகக் கிடந்தால் அன்றைக்கே துவைத்துவிடுங்கள். பத்து மணிக்குக் கொடியில் போட்டு மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். ராத்திரி கொடியிலேயே விட்டால் காலையில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்.

பருப்பு வேகாததற்கு உயரம்தான் காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கமே கொதித்துவிடுகிறது, சமவெளியில் 100. குக்கருக்குள்ளும் சூடு அங்கே ஏறும் அளவு ஏறாது. மதுரையில் வைத்ததைவிட இரண்டு விசில் கூட்டுங்கள்.

மாவுக்கு என் வழி இது. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். அரைத்ததும் கையால் நன்றாகக் கலக்குங்கள். பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மாவுச் சட்டியை அதில் இறக்கி, அண்டாவைக் கம்பளியால் மூடிவிடுங்கள். படுக்கப் போகும்முன் வெந்நீரை மாற்ற வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சட்டி விளிம்பு வரை பொங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் மேலே சின்னச் சின்னக் குமிழாக உடையும். அந்தப் புளித்த வாசனை வந்தால் போதும், இட்லித் தட்டை எடுக்கலாம்.

கேள்வி: காலையில் கார் கண்ணாடி முழுக்க உறைபனி. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றலாமா?
– ஒரு வாசகர், தலைகுந்தா

பதில்: ஊற்றாதீர்கள். சில்லிட்ட கண்ணாடி அந்தச் சூட்டில் விரிசல் விடலாம். குழாய்த் தண்ணீரை ஊற்றித் துணியால் வழித்தாலே போதும். இரவு கண்ணாடி மேல் கோணிச்சாக்கை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் பனியைச் சாக்கோடு உதறிவிடலாம்.