பி வைட்டமின் கேள்வி பதில்: கேக்குறதுக்கு முன்னாடி பாட்டில திருப்பிப் பாருங்க

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில 22 வருஷம் டயட்டீஷியன் வேலை, இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் போறேன். இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பி வைட்டமின் பத்திக் கேளுங்க. ரெண்டே கண்டிஷன். நான் டாக்டர் இல்ல, ரத்த ரிப்போர்ட்ட படம் புடிச்சு அனுப்பாதீங்க. அப்புறம் வீட்டுல நரம்பு மாத்திரைன்னு ஒரு பாட்டில் இருக்குமே, அத எடுத்துப் பக்கத்துல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

தோபாயோ மருமக: அக்கா, மாமியாருக்கு 68 வயசு, சுத்த சைவம், 14 வருஷமா இனிப்புநீருக்கு, அதான் சக்கரை வியாதிக்கு, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுறாங்க. ஆறு மாசமா ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்காம். சக்கரை நரம்புன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. பி12 மாத்திரை வாங்கிக் குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா டெஸ்ட் எடுத்துட்டுக் குடுங்கம்மா. மாத்திரைய ஆரம்பிச்சுட்டா ரத்தத்துல நம்பர் ஏறிடும், முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாமப் போயிடும்.

நீங்க சொன்ன மூணுமே பி12 குறையுறதுக்குக் காரணம். பி12 இயற்கையா இருக்குறது கறி, மீன், முட்டை, பால்ல மட்டும்தான். செடி கொடியில கிடையாது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டா குடல் அத உறிஞ்சுறது குறையும். வயசானா இரைப்பையில அமிலம் குறையும், அப்ப சாப்பாட்டுல இருக்குற பி12 சரியா பிரிஞ்சு வராது. கல்லீரல்ல சில வருஷத்துக்குச் சேமிப்பு இருக்குறதால இது மெதுவா வரும், அதனாலதான் யாரும் சந்தேகப்படுறதில்ல.

எங்க பெரியம்மாவுக்கும் இதே கதை. தேக்கா மார்க்கெட்டுல இருந்து கீரை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க, வாசல்ல பாத்தா ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு. "இன்னொன்னு எங்க?"ன்னு கேட்டா குனிஞ்சு பாக்குறாங்க, கழண்டு விழுந்ததே தெரியல, வெறுங்கால்ல புளோக் வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. நான் இதே துறையில இருந்துக்கிட்டு, சக்கரைதான்னு நானும் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். டெஸ்ட் எடுத்தா பி12 ரொம்பக் கம்மி. ஊசி போட்டு, அப்புறம் மாத்திரை. கை சரியாச்சு, கால் பாதிதான் திரும்புச்சு. சக்கரை நரம்பும் பி12 நரம்பும் வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும், சில பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். அடுத்த தடவை பாலிகிளினிக் போறப்ப "பி12 பாத்தீங்களா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. மெட்ஃபார்மின மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

மாத்திரையில 1000 மைக்ரோகிராம்னு போட்டிருக்கேன்னு பயப்படுவாங்க, ஒரு நாள் தேவை 2.4தான். ஒரே வாட்டியில உடம்பு முறையா எடுத்துக்குறது ஒன்னரை ரெண்டு மைக்ரோகிராம்தான், மிச்சத்துல நூத்துல ஒரு பங்கு மாதிரி சும்மா கசிஞ்சு உள்ள போகும். 1000 போட்டா பத்து உள்ள போகும், அவ்வளவுதான் கணக்கு.

என்எஸ் பையன்: வைட்டமின் போட்டா யூரின் பளீர்னு மஞ்சளா வருது, கிட்னி போச்சா?

பி2. அதோட நிறமே மஞ்சதான். கிட்னி நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி.

தோசைப்பிரியன்: இட்லி மாவு புளிக்கும்போது பி12 உண்டாகுதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்ப சைவக்காரங்களுக்குக் கவலை இல்லதானே?

மாவு புளிச்சா சில பி வைட்டமின் கூடும், அது நெசம். பி12க்கு அத நம்பாதீங்க. தெம்பேயும், அதான் புளிக்க வச்ச சோயா, அப்படித்தான். ஸ்பைருலினா, கடல்பாசியில இருக்குறதுல பெரும்பாலும் பி12 மாதிரியே வேஷம் போட்ட வேற ஒன்னு, நம்ம உடம்புக்கு உதவாது. சைவ பீஹூன் கடையில போடுற சோயா மட்டன், அதுலயும் தனியாச் சேர்த்தாதான் உண்டு. சோயா பால் சிலதுல சேர்க்குறாங்க, சிலதுல இல்ல, அட்டையப் படிச்சுப் பாருங்க. பால் குடிக்கிற சைவம்னா ரெண்டு கப் பாலும் தயிரும் சேர்ந்தா ஒரு நாள் கணக்கு கிட்டத்தட்ட வந்துடும். டீயில ஊத்துற ரெண்டு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் கணக்குல வராது.

ஜூரோங் டார்மிட்டரி: அக்கா நான் புதுக்கோட்டை, இங்க கட்டுமான வேலை. கேட்டரிங் சாப்பாடு, வெள்ளைச் சோறு நிறைய, குழம்பு தண்ணியா இருக்கும். வாயோரம் ரெண்டு பக்கமும் வெடிச்சு எரியுது, நாக்கும் செவந்து போச்சு. என்ன மாத்திரை?

தம்பி, வாயோரம் வெடிக்கிறதுக்கு பி2, பி6, ஃபோலேட் (பி9), இரும்புச்சத்து எது குறைஞ்சாலும் ஆகும், சில சமயம் பூஞ்சையாலயும் வரும். அதனால ரெண்டு வாரத்துல ஆறலன்னா காட்டிடுங்க. அது வரைக்கும் சாப்பாட்ட மாத்துறதுதான் மலிவு. நாளுக்கு ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு பாக்கெட் பால், ராத்திரி பச்சைப்பயறு ஒரு கைப்பிடி ஊற வச்சு ரைஸ் குக்கர்லயே அவிச்சிடுங்க. முட்டைய பச்சையா உடைச்சுக் குடிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பச்சை வெள்ளைக்கரு பயோட்டின்ங்குற பி வைட்டமின புடிச்சு வச்சுக்கும். மாத்திரை வாங்குறதா இருந்தா அளவு கம்மியா இருக்குற சாதாரண பி காம்ப்ளெக்ஸ் போதும், "நரம்புக்கு"ன்னு எழுதியிருக்குற பெரிய டோஸ் வேணாம். பாட்டில் பின்னாடி பி6 எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்குங்க.

பொங்கோல் அம்மா: பெரிய பொண்ணுக்கு மஞ்சளா யூரின்...

மேல பாருங்க.

கூந்தல் கவலை: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் சாப்பிட்டா முடி வளருமா?

பயோட்டின் குறை இருந்தா வளரும், அந்தக் குறை ரொம்ப அபூர்வம். முடி கொட்டுனா ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பு) தைராய்டும் பாருங்க. இதுல ஒரு வம்பு இருக்கு. அதிக பயோட்டின் ரத்த டெஸ்டையே ஏமாத்தும். தைராய்டு ரிப்போர்ட் தப்பா வரும், மாரடைப்புக்குப் பாக்குற ட்ரோபோனின் கம்மின்னு காட்டிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. ரத்தம் எடுக்கப் போறப்ப இத சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க.

செங்காங் புதுமணம்: குழந்தைக்கு முயற்சி பண்றோம், ஃபோலிக் ஆசிட் எப்ப ஆரம்பிக்கணும்?

இன்னிக்கே. 400 மைக்ரோகிராம், கரு தங்குறதுக்கு முன்னாடியே தொடங்கி 12 வாரம் வரைக்கும். குழந்தையோட நரம்புக்குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும், நாள் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் எடுக்குறதுக்குள்ளயே பாதி வேலை முடிஞ்சிருக்கும். வலிப்பு மருந்து சாப்பிட்டாலோ சக்கரை இருந்தாலோ அளவு வேற, டாக்டர்கிட்ட கேளுங்க. சைவம்னா பி12யும் சேர்த்துப் பாருங்க, ஃபோலிக் மட்டும் போட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், உள்ள நரம்பு கெட்டுக்கிட்டே இருக்கும்.

மார்மைட் வெறியன்: கஞ்சியில மார்மைட் போடுறது நல்லதா?

நல்லது, அது ஈஸ்ட்ல செய்யுற பசைதான், உப்பு மட்டும் ஜாஸ்தி. மார்மைட்டுக்குப் பெரிய பேர் உண்டு தெரியுமா? பம்பாய் ஜவுளி ஆலையில வேலை பாத்த கர்ப்பிணிப் பொண்ணுங்களுக்கு வந்த ரத்தசோகைக்கு லூசி வில்ஸ்ங்குற டாக்டர் மார்மைட்ட குடுத்துத் தேத்தினாங்க, 1931ல எழுதினாங்க. உள்ள இருந்த சரக்குதான் ஃபோலேட். அத ஃபோலிக் ஆசிட்டா 1945ல செயற்கையா செஞ்ச குழுவுக்குத் தலைவர் சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். நம்மள்ல எத்தன பேருக்கு அவர் பேர் தெரியும் சொல்லுங்க.

ஈசூன் கொசுக்கடி: டெங்கிக்கு பயந்து பி1 சாப்பிடுறோம், கொசு அண்டாதாமே?

அண்டும். ரிப்பெல்லன்ட் தடவுங்க, பூந்தொட்டி தட்டுல தண்ணிய ஊத்திடுங்க.

தஞ்சாவூர் பேரன்: எங்க தாத்தா புழுங்கல் அரிசிதான் சாப்பிட்டாரு, 91 வரைக்கும் ஒரு மாத்திரை கிடையாது. இங்க எல்லாரும் தாய்லாந்து வெள்ளை அரிசி, அதான் வியாதி.

பாஸ்மதி கட்சி: அண்ணே அரிசின்னா அரிசிதான், சும்மா பழம்பெருமை பேசாதீங்க. புழுங்கல் நாத்தம் வேற.

தஞ்சாவூர் பேரன்: நாத்தமா? அக்கா நீங்களே சொல்லுங்க.

சொல்றேன், இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். 1890கள்ல பத்தேவியாவுல, அதான் இப்ப ஜகார்த்தா, ஐக்மன்னு ஒரு டச்சு டாக்டர். ராணுவ ஆஸ்பத்திரியில மிஞ்சுன வெள்ளைச் சோத்த கோழிக்குப் போட்டாங்க, கோழிங்க கால் தள்ளாடி விழுந்துச்சுங்க. புதுசா வந்த சமையக்காரர் "ராணுவச் சோறு கோழிக்கா, தர மாட்டேன்"ன்னுட்டாரு. தவிட்டோட இருக்குற அரிசி போட்டாங்க, கோழி எழுந்து நடந்துச்சு. 1929ல ஐக்மனுக்கு நோபல் பரிசு, சமையக்காரருக்கு ஒன்னும் இல்ல.

நம்ம பக்கம் இன்னும் சுவாரசியம். அப்ப மலாயாவுல பெரிபெரி, அதான் பி1 குறையால வர்ற நோய், சுரங்கத்துல வேலை பாத்த சீனத் தொழிலாளிகள கொத்துக்கொத்தா கொன்னுச்சு, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளிங்களுக்கு அவ்வளவா வரல. பிராடன்னு ஒரு டாக்டர் இத கவனிச்சு 1907ல எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில ஃபிளெட்சர் ஒரு பாதி பேருக்குப் புழுங்கல், மறு பாதிக்கு வெள்ளைன்னு குடுத்துப் பாத்தார், வெள்ளைப் பக்கம்தான் நோய் குவிஞ்சுச்சு. நெல்ல ஊற வச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்குற பி1 உள்ள அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தீட்டுனாலும் முழுசா போகாது. 1942க்கு அப்புறம் ஜப்பான்காரங்க புடிச்சு வச்ச சாங்கி கைதிங்களுக்கும் தீட்டுன அரிசியே கதின்னு ஆனப்ப பெரிபெரி வந்துச்சு.

தஞ்சாவூர் பேரன்: கேட்டுக்குங்க எல்லாரும்!

பாஸ்மதி கட்சி: அது அந்தக் காலம். இப்ப யாருக்கு பெரிபெரி?

பாஸ்மதி சொல்றதுல நியாயம் இருக்கு. அந்தத் தொழிலாளிக்குச் சோறுதான் சாப்பாடு, பக்கத்துல கருவாட்டுத் துண்டு இருந்தா அதிர்ஷ்டம். நமக்குப் பருப்பு, முட்டை, கறி எல்லாம் பி1 குடுக்குது. இப்ப பெரிபெரிய பாக்கணும்னா சாப்பாட்ட விட்டுட்டு பீரே குடிக்கிறவங்ககிட்டதான் பாக்கணும், அங்க மூளையையே புடிக்கும்.

மரீன் பரேட் ஆச்சி: சோறு வடிச்ச கஞ்சிய கொட்டக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

உங்கம்மா சொன்னது சரி ஆச்சி. பி வைட்டமின் தண்ணியில கரையும், அரிசிய அஞ்சு தண்ணி கழுவி வடிச்சும் கொட்டுனா பாதி சிங்க்ல. ரைஸ் குக்கர்ல தண்ணி உள்ளேயே வத்திடுறதால நஷ்டம் கம்மி.

தஞ்சாவூர் பேரன்: அப்ப புழுங்கல் சாப்பிட்டா சக்கரை வராது, சரிதானே?

நான் எப்ப அப்படிச் சொன்னேன்? சக்கரை கொஞ்சம் மெதுவா ஏறும், அதுக்காக மூணு தட்டு சாப்பிட்டா மூணு தட்டுதான். தாத்தா வயல்ல வேலை பாத்தாரு, நீங்க லிஃப்ட்ல போறீங்க. அரிசிச் சண்டைய இதோட விடுங்க, நாப்பது பேர் காத்திருக்காங்க.

பாஸ்மதி கட்சி: லிஃப்ட்! செமத்தியா வாங்குனீங்க அண்ணே.

இரவு ஷிப்ட்: எனர்ஜி டிரிங்க்ல பி வைட்டமின் 200 சதவீதம்னு போட்டிருக்கு, அதான் தெம்பு வருதா?

தெம்பு காஃபினும் சீனியும். வைட்டமின்ல கலோரியே கிடையாது. சாப்பாட்ட சக்தியாக்குற வேலையில கூட நிக்கும், ஏற்கனவே ஆள் போதுமானா கூட நாலு பேர நிறுத்தி என்ன பண்றது?

சிராங்கூன் அண்ணி: சோர்வா இருக்கு, பி12 ஊசி போட்டுக்கலாமா? கலரே சிகப்பா சக்தியா இருக்கு.

பி12 இயற்கையாவே சிகப்பு, சக்தியால சிகப்பு இல்ல. குறை இருந்தா ஊசி அருமை, இல்லன்னா காசுக்குக் கேடு. தூக்கமும் ஹீமோகுளோபினும் பாத்தீங்களா முதல்ல?

தெம்பனீஸ்: யூரின் மஞ்சளா...

பி2. பி2. பி2.

பிடோக் மகன்: நீங்க சொன்னீங்கன்னு அம்மா பாட்டில எடுத்துத் திருப்பிப் பாத்தேன். பி6 200 மில்லிகிராம்னு இருக்கு. காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு. நாலு வருஷம் இருக்கும். கால் எரியுதுன்னுதான் ஆரம்பிச்சோம், எரிச்சல் கூடவும் ஒன்ன ரெண்டாக்குனோம்.

டாக்டர் எழுதிக் குடுத்ததா, நீங்களே வாங்குனதா?

பிடோக் மகன்: நானேதான். எதுத்த வீட்டு ஆண்ட்டி சொன்னாங்க.

தம்பி, ஒரு நாள் தேவை ஒன்னரை மில்லிகிராம் பக்கம். அமெரிக்காவுல உச்சவரம்பு 100, ஐரோப்பாவுல 2023ல 12க்கே இறக்கிட்டாங்க. அம்மாவுக்கு 400 போகுது. பி6 அளவுக்கு மீறி நாள்கணக்குல போனா அதுவே நரம்பக் கெடுக்கும், வர்றது என்னன்னா இதே எரிச்சல், இதே மதமதப்பு. எரியுதுன்னு மாத்திரைய கூட்டுறாங்க, கூட்டுனதால எரியுதோ என்னவோ. இது அதுதான்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது, டாக்டர் பாத்துதான் சொல்லணும். நீங்களா வாங்குன மாத்திரைதானே, இன்னிக்கு ராத்திரி குடுக்காதீங்க. நாளைக்கு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு பாலிகிளினிக் போங்க, பி12, சக்கரை ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. நிறுத்துனா நிறைய பேருக்கு மாசக்கணக்குல மெதுவா குறையும்.

பிடோக் மகன்: அம்மா இப்பதான் தண்ணி டம்ளரோட மாத்திரைய கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. என்ன சொல்றது?

அக்கா வேணாம்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. திட்டுனா என்ன திட்டட்டும்.

பிடோக் மகன்: திட்டிட்டாங்க. பாட்டில் என் பையில இருக்கு.