செலவுத்தொகையும் மகளைப் பார்க்கும் ஞாயிறும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 22,000 ரூபாய் சம்பளம். ஒன்பது வயது மகள் தாயிடம் இருக்க வேண்டும், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் நான் பார்க்கலாம் என்ற குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றேன். மேல்முறையீடு செலவுத்தொகையுடன், அதாவது எதிர்த்தரப்பின் வழக்குச் செலவை நான் தர வேண்டும் என்ற உத்தரவுடன், தள்ளுபடியானது. எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணம் முழுவதையும் நான் தர வேண்டுமா? தராவிட்டால் மகளைப் பார்க்க முடியாதா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்த அச்சம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. செலவுத்தொகை பணக்கடன், மகளைப் பார்ப்பது நீதிமன்றம் தனியாக வழங்கிய உத்தரவு. பணம் பாக்கி என்று சொல்லி அந்த ஞாயிறுகளைத் தாய் மறுக்க முடியாது. மகளைக் காட்டவில்லை என்று சொல்லி நீங்கள் பணத்தை நிறுத்தி வைக்கவும் முடியாது.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்தது எவ்வளவாக இருந்தாலும், தீர்ப்பிலோ, தீர்ப்பின் முடிவை முறையாக எழுதும் தீர்ப்பாணையுடன் இணைந்த செலவுப் பட்டியலிலோ எழுதப்பட்டுள்ள தொகைக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு. அதன் நகலை வாங்கி, கடைசிப் பத்தியை உங்கள் வக்கீலிடம் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தைக் கொடுக்கும் முறையில்தான் பலர் இடறுகிறார்கள். உறவினர் ஒருவர் மூலம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அது நீதிமன்றத்தில் பதிவாகாமல் போனால், பணத்தை வசூலிக்கக் கோரும் நிறைவேற்று மனு வரும்போது கொடுத்த பணம் கணக்கில் சேராது. நிறைவேற்றம் வழக்கை முதலில் விசாரித்த குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கும் என்பதால், அங்கேயே பணத்தைக் கட்டி எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவதே பாதுகாப்பு. வெளியில் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுத்து, 30 நாட்களுக்குள் பதிவு செய்ய மனுச் செய்யுங்கள். தவணை வேண்டுமென்றால், தீர்ப்பாணைக்குப் பின் எதிர்த்தரப்பின் சம்மதமும் தேவை.

கட்டாமல் விட்டால் சம்பளத்தைப் பற்றுகை செய்ய, அதாவது நீதிமன்ற உத்தரவால் அதிலிருந்து பிடித்துக்கொள்ள முடியும். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாதவை. உங்கள் சம்பளத்தில் அது 15,000 ரூபாய். பற்றக்கூடியது மாதம் 7,000 ரூபாய் வரை. ஜீவனாம்ச பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு இதே அளவில் கிடையாது.

கடன் வாங்கி உடனே உச்ச நீதிமன்றம் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் இயல்பிலேயே இறுதியானவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்று அந்த நீதிமன்றமே 1973இல் கூறியுள்ளது. மகளின் தேவைகள் உண்மையாகவே மாறும்போது குடும்ப நல நீதிமன்றத்திலேயே புதிய மனுச் செய்யலாம். அதுவரை இரண்டு ஞாயிறுகளையும் தவறவிடாமல் போங்கள். தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அந்த மனுவுக்கு அவை வேண்டியிருக்கும்.