பட்டோசெராவில் கணினிவழி ஆர்கேட் விளையாட்டுகளுக்கு ஏன் தனி அமைப்பு வேண்டும்?

பட்டோசெரா, பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஆட உதவும் ஓர் இயங்குதளம். கணினிவழி ஆர்கேட் விளையாட்டு என்பது, காசு போட்டு ஆடும் பெட்டிக்குள் தனிவகைச் சுற்றுப்பலகைக்குப் பதிலாகக் கணினியையே வைத்து ஓட்டிய விளையாட்டாகும். 2004இல் வந்த, டைட்டோ நிறுவனத்தின் டைப் எக்ஸ் என்னும் ஆர்கேட் கணினி விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு வடிவத்தில் இயங்கியது. ஆகவே, பக்மான் போன்ற பழைய பெட்டிகளின் சில்லுகளைப் போலச்செய்யும் மேம் நிரல் இங்கு பொருந்துவதில்லை. லினக்ஸில் இயங்கும் பட்டோசெராவில் விண்டோஸின் இடத்தை வைன் என்னும் நிரல் நிரப்ப, லோடர் என்னும் சிறுநிரல், காசுப்பெட்டியும் பொத்தான் பலகையும் பாதுகாப்புச் சாவியும் இணைந்திருப்பதாக விளையாட்டுக்குப் பதிலளிக்கிறது. கனடாவிலிருந்து உறவினர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் 120 வோல்ட் கிறைண்டரைப் பிரித்து மாற்றாமல், நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கும் அதற்கும் நடுவே ட்ரான்ஸ்போமர் வைப்பதைப் போன்றதே இது.

விளையாட்டின் முழுக் கோப்புறையையும் பட்டோசெராவின் விண்டோஸ் விளையாட்டுகளுக்கான கோப்புறையில் இட்டு, எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சிறிய கட்டளைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். தொடங்கும் கோப்பாக லோடரையே குறிப்பிடுங்கள். முதலில் கவனிக்கவேண்டியது இதுதான்.

புதிய றாஸ்பெரி பை என்னும் சிறுகணினி வாங்கினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இவ்விளையாட்டுகள் இன்டெல் வகைச் செயலிக்கென எழுதப்பட்டவை என்பதால், அதன் ஏஆர்எம் செயலியில் அவை நேரடியாக இயங்கமாட்டா.