மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்த மனித எஸ்டி6கேல்1 என்சைம் வாங்கும்போது தூய்மை சதவீதத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் ஆன்டிபாடியின் சர்க்கரைச் சங்கிலியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை ஏற்றப் போகிறார். அதை ஏற்றுகிற என்சைம்தான் எஸ்டி6கேல்1. கையில் இரண்டு நிறுவனங்களின் எஸ்டி6கேல்1 விவரத்தாள் இருக்கிறது. இரண்டிலும் தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், விலைதான் வேறு. எதை வாங்குவது என்கிறார்.

இந்த வகை என்சைம்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் அன்றாட வேலை. தூய்மையைக் கடைசியாகப் பாருங்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அழகாக ஒற்றைப் பட்டையாக ஓடுவதால் மட்டும் ஒரு என்சைம் வேலை செய்துவிடாது.

முதலில் பார்க்க வேண்டியது, புரதத்தை எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பது. செல்லுக்குள் இது கோல்கி என்ற உள்ளுறுப்பின் சவ்வில் குத்தி நிற்கிற புரதம், மொத்தம் 406 அமினோ அமிலங்கள். முன்முனையில் ஒரு குட்டி வால், சவ்வைத் துளைக்கும் பகுதி, பிறகு ஒரு தண்டு, அதற்கப்புறம்தான் வேலை செய்கிற பகுதி. சவ்வுப் பகுதியை விட்டுவைத்தால் தண்ணீரில் கரையாது என்பதால் எல்லோருமே வெட்டுகிறார்கள். ஆனால் எவ்வளவு வெட்டுகிறோம் என்பது விளைவையே மாற்றும். முன்முனையில் 89 அமினோ அமிலங்களை நீக்கிய வடிவம் ஆன்டிபாடியின் சர்க்கரைச் சங்கிலியில் இரண்டு கிளைகளிலும் சியாலிக் அமிலம் ஏற்றுகிறது. 108 நீக்கிய வடிவம் பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிடுகிறது. விவரத்தாளில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்!

அடுத்தது செயல்திறன் எண். அதை எந்தப் பொருளை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். வழக்கமாக சியாலிக் அமிலம் நீக்கிய ஃபெட்யூயின் என்ற ரத்தப் புரதத்தில் அளப்பார்கள். அதில் சர்க்கரைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், என்சைமுக்குச் சுலபம். ஐஜிஜி ஆன்டிபாடியில் 297ஆம் இடத்து அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் உள்ள சர்க்கரைச் சங்கிலி, ஆன்டிபாடியின் இரண்டு கனச் சங்கிலிகளுக்கு (பெரிய புரதச் சங்கிலிகளுக்கு) நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. ஃபெட்யூயினில் பறக்கிற என்சைம் அங்கே போய்த் திணறும்.

இன்னொன்று, சியாலிக் அமிலம் உட்கார சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை வேண்டும். செல் வளர்ப்பில் தயாரான ஆன்டிபாடிகளில் பலவற்றுக்கு அது குறைவாகத்தான் இருக்கும். முதலில் கேலக்டோஸை ஏற்றும் என்சைமான பி4கேல்டி1, அதற்குக் கேலக்டோஸ் கொடுக்கும் யுடிபி-கேலக்டோஸ், மாங்கனீசு சேர்த்து அதை நிரப்பிக்கொள்ளுங்கள். (எஸ்டி6கேல்1க்கு உலோக அயனி தேவையில்லை.) இதைச் செய்யாமல் என்சைம் செத்துவிட்டது என்று புகார் எழுதுகிறவர்கள் நிறைய.

வினை தொடங்கியபின் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். என்சைமுக்குச் சியாலிக் அமிலத்தைக் கொடுக்கும் சிஎம்பி-சியாலிக் அமிலம் அமிலத்தன்மையில் தானாகவே உடையும், அதனால் தேவைப்படும்போது புதிதாகக் கரைத்துப் பயன்படுத்துவதுதான் நல்லது. வினையில் மிஞ்சுகிற சிஎம்பி சேரச் சேர, இதே என்சைம் ஏற்றியதைத் திரும்பக் கழற்றவும் செய்யும். கொஞ்சம் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்சைம் போட்டால் சிஎம்பி உடைந்துபோகும், பிரச்சினை தீரும். இடையிடையே மாதிரி எடுத்து மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் பாருங்கள். ஒரு சியாலிக் அமிலம் ஏறினால் 291 டால்டன் கூடும், இரண்டென்றால் 582.

லெக்டின் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சர்க்கரையில் ஒட்டும் லெக்டின் புரதத்தால் அடையாளம் காண்பது) மட்டும்தான் செய்ய முடியும் என்றால் ஒரு எச்சரிக்கை. எச்இகே 293 போன்ற மனித செல்லில் செய்த என்சைமின் மேலேயே சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு, அதிலும் சியாலிக் அமிலம் இருக்கும். ஜெல்லில் அது ஆன்டிபாடியின் 50 கிலோடால்டன் கனச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே ஓடும். சியாலிக் அமிலத்தில் ஒட்டும் எஸ்என்ஏ லெக்டின் போட்டதும் பளிச்சென்று ஒளிர்வது உங்கள் ஆன்டிபாடியா, என்சைமா என்று சொல்லவே முடியாது. ஜெல்லில் என்சைம் மட்டும் போட்ட ஒரு லேன் (வரிசை), சிஎம்பி-சியாலிக் அமிலம் போடாத ஒரு லேன் என இரண்டும் கட்டாயம் ஓட்டுங்கள்.

உங்கள் இரண்டு நிறுவனங்களில் எது என்று கேட்டால், புரதம் எந்த அமினோ அமிலத்திலிருந்து தொடங்குகிறது, எந்தச் செல்லில் செய்தது, ஆன்டிபாடியில் சோதித்த தரவு இருக்கிறதா என்று இருவருக்கும் மின்னஞ்சல் போடுங்கள். பதில் தருகிறவரிடம் மிகச் சிறிய அளவில் வாங்கிச் சோதியுங்கள். தொடங்கும் இடத்தைச் சொல்ல மறுக்கிறவர்களிடம் விலை பாதியாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.